‘பஞ்சமர்’ படித்தோம்

கே. டானியல் எழுதிய ‘பஞ்சமர்’ நாவலை மீண்டும் எடுத்து மூன்று இரவுகளிற் படித்து முடித்தோம். 1972ஆம் ஆண்டு வெளிவந்த நூல். யாழ்ப்பாணக் கிராமங்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் கோயில் வாயிலையும் தேநீர்க்கடை வாங்கையும் கேட்டதற்காகப் பட்ட அடியையும் வெட்டையும் அது ஒளிக்காமற் சொல்கிறது. கொடூரமான நூல்தான்; மறுப்பதற்கில்லை.

“இனமே ஒடுக்கப்படும் வேளையில் நம் வீட்டுக் குப்பையை ஏன் கிளறவேண்டும்?” என்று கமக்கார நண்பர் ஒருவர் எம்மிடம் கேட்டார். நல்ல மனிதர், தம் தோட்டக் கிணற்றில் எவர் அள்ளலாம், எவர் அள்ளலாகாது என்பதை மட்டும் இன்னும் மறக்கவில்லை. கொழும்பிடம் சமவுரிமை கேட்டு மனு எழுதும் நாம், அதே மனுவை நம்மிடம் நீட்டியவனை என்ன செய்தோம்? அதைத்தான் டானியல் கேட்கிறார். அவரும் அந்த மக்களுள் பிறந்தவர்.

சட்டம் கற்ற எம்மை இந்நூல் உறுத்தியது வேறோரிடத்தில். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியைக் காட்டி ஒருவரைக் கோயிலிலும் கடையிலும் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. அவ்வாறாயின் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்படவேண்டி வந்தது ஏன்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் காத்துக்கிடந்தது ஏன்? அங்கு மறித்தமை பற்றிய வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. தன் ஊர் முருகனைக் காண்பதற்குக் கடல் கடந்த தீர்ப்பு!

காரணத்தை எந்தச் சட்டப்புத்தகமும் எமக்குச் சொல்லவில்லை, நாவல் சொல்லிற்று. சாட்சிக்கூட்டில் ஏறவேண்டியவனின் குடிசை நின்றது எதிராளியின் காணியில். வாய் திறந்தால் மறுநாள் குடியிருப்பு இல்லை, கூலியுமில்லை. உண்மை பேசென்று அவனிடம் பிரமாணம் வாங்கிய நம் தொழிலினர், அன்றிரவு அவன் எங்கே படுப்பான் என்று கேட்டாரில்லை.

குறையும் உண்டு. ஆசிரியர் பொதுவுடைமையாளர், சில பக்கங்களில் பாத்திரம் பேசவேண்டிய இடத்திற் கொள்கை பேசுகிறது. ஆனால் அந்த மக்களின் பேச்சு, நம் ஒழுங்கையிற் கேட்ட பேச்சேதான்.

நூலை அந்த நண்பரிடமே கொடுத்திருக்கிறோம். பாதி படித்ததாகச் சொன்னார். கிணற்றைப்பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.