‘உடனடியாக’ என்றால் எவ்வளவு நேரம்?

பிளஸ் டூ வகுப்பில் 2023-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபலைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வருவது “நீட்டுல வருமா சார்?” அடுத்தது “இதனால என்ன சார் பயன்?” முதல் கேள்வியை விட்டுவிடலாம், பயல்களுக்கு அவர்கள் கவலை. இரண்டாவதைப் பெரியவர்களும் கேட்பதுதான் உறுத்துகிறது.

1987-இல் பாரிசுக்கு அருகே ஆய்வுக்கூடம் ஒன்றில், அந்த நோபலைப் பகிர்ந்துகொண்ட ஆன் லூயிலியே அகச்சிவப்பு லேசரை ஆர்கான் வாயுவுக்குள் செலுத்தினார். லேசரின் மின்புலம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து இழுக்கும். புலம் திசை மாறியதும் அது திரும்பி வந்து மோதி, பெற்ற ஆற்றலைப் புற ஊதா ஒளியாகக் கக்கும். அந்த அலைகள் சரியாகக் கூடினால் ஆட்டோசெகண்ட் துடிப்பு பிறக்கும். நொடியை நூறு கோடியாக வகுத்து, அதில் ஒரு துண்டை மறுபடி நூறு கோடியாக வகுத்தால் வருவது ஒரு ஆட்டோசெகண்ட். 2001-இல்தான் அவருடன் நோபலைப் பகிர்ந்துகொண்ட அகோஸ்தினி 250, க்ரௌஸ் 650 ஆட்டோசெகண்ட் துடிப்புகளை அளந்து காட்டினார்கள்.

ஒளி பட்டதும் எலக்ட்ரான் கால தாமதமின்றி வெளியேறும் என்றுதான் நாங்கள் பாடம் நடத்துகிறோம். 2010-இல் க்ரௌஸ் குழு இந்தத் துடிப்புகளைக் கொண்டு நியான் அணுவில் பார்த்தபோது, ஒரு துணைக்கூட்டின் எலக்ட்ரான் மற்றதைவிடச் சுமார் 20 ஆட்டோசெகண்ட் பிந்தி வந்தது. எனக்கு இந்தப் பயனே போதும்.

ரத்தத்தில் லேசரைச் செலுத்திப் புற்றுநோயின் தடயத்தைக் கண்டறியவும் அதே குழு முயல்கிறது. நடக்கட்டும். ஆனால் பயனைச் சொன்னால்தான் பணம் என்றிருந்தால், 1987-இல் லூயிலியே எதைச் சொல்லிக் கேட்டிருப்பார்?