திருகோணமலைத் துறைமுகமும் இந்தியா தரவேண்டிய பதிலும்



இந்து சமுத்திரத்தில் சீனா காலூன்றியது இலங்கைக் கரைகளில் படிப்படியாகத் தெரிந்தது. 2010இல் சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புக்கு வந்தது. 2017இல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல், இந்தியா ஆட்சேபித்த பின்னரும், அங்கே நங்கூரமிட்டது. ஒவ்வொரு முறையும் புதுடில்லியின் கவனம் திருகோணமலைமீது விழுந்தது.

இத்துறைமுகத்தைப் போட்டியாளர் கையில் விடக்கூடாது என்ற எண்ணம் பழையது. 1782 ஜனவரியில் பிரித்தானியர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தனர். பிடித்தபின் சிறு காவற்படையே அங்கு இருந்தது. கப்பற்படை பழுதுபார்ப்புக்காகச் சென்னையில் நின்றது. ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் வந்து கோட்டையைச் சரணடைய வைத்தார். ஓரிரு நாள் பிந்தி வந்த பிரித்தானியக் கப்பல்கள் கண்டது கோட்டைமேல் பிரெஞ்சுக் கொடியை. 1795இல் அதை மீண்டும் பிடித்த பிரித்தானியர் 1957 வரை கடற்படைத் தளத்தை வைத்திருந்தனர்.

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டிப் பரிமாறிய கடிதங்களில் இரண்டு விடயங்கள் இருந்தன. இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலை எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் வழங்கப்படாது என்பது ஒன்று. திருகோணமலையின் சீனக்குடாவிலுள்ள எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து இயக்கும் என்பது மற்றது. தடுக்கும் பாதி நிலைத்தது. கட்டும் பாதி கிடப்பில் கிடந்தது. பிரித்தானியர் விட்டுச்சென்றவற்றில் 99 தாங்கிகள் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் கொள்ளும். 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசியிடம் வந்த பிறகும் கீழ்த்தொகுதித் தாங்கிகள் மட்டுமே இயங்கின. மேல்தொகுதியில் துருவேறிய இரும்புச் சுவர்களைச் சுற்றிக் காடு வளர்ந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் மோதி எரிந்த தாங்கியின் உருக்குலைந்த இரும்பும் அங்கேதான் கிடக்கிறது. 2022 ஜனவரியில்தான் புதிய உடன்பாடு வந்தது: லங்கா ஐஓசிக்கு 14, கூட்டு நிறுவனத்துக்கு 61, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24. 1987இலிருந்து அதுவரை ஓடிய காலத்துக்குள் அம்பாந்தோட்டை கட்டப்பட்டு, திறக்கப்பட்டு, குத்தகைக்கும் போய்விட்டது. போட்டியில் இந்தியா பின்தங்கியது படைபலக் குறைவால் நேர்ந்ததல்ல, கையிலிருந்த வேலையை முடிக்காததால் நேர்ந்தது.

திருகோணமலைக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் இன்னும் கசப்பான பாடம். 2006 போரில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் முகாம்களில் இருந்தபோதே, அவர்களது மண்ணில் 500 மெகாவாட் இந்திய-இலங்கை நிலக்கரி மின்நிலையம் அமையும் என 2011இல் உடன்பாடு கைச்சாத்தானது. 2015இல் மக்கள் திரும்பத் தொடங்கினர். 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் வருகிறது. நிலக்கரிப் புகையிலிருந்து கரை தப்பியது நல்லதே. ஆயினும் காணி இழந்தவர்களின் நினைவில் இந்தியாவின் பெயரும் சேர்ந்துவிட்டது. கடலோர மக்களின் நம்பிக்கையை இழந்த வல்லரசுக்கு ஒப்பந்தக் காகிதம் நெடுநாள் துணைநிற்காது.

கடற்கண்காணிப்பை விசாகப்பட்டினத்திலிருந்தும் அந்தமானிலிருந்தும் இந்தியக் கடற்படை நடத்த முடியும்; அதற்குத் திருகோணமலையில் ஒரு தளம் வேண்டியதில்லை. சீனாவுடன் வணிகமே கூடாது என்று கொழும்பை நெருக்குவதும் பயன்தராது. கடன்பட்ட சிறிய நாடு முதலீட்டைத் தேடும், தேடவும் வேண்டும். 2022 நெருக்கடியில் இந்தியா வழங்கிய ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவி, எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களை நேரடியாக எட்டியது. எந்த எச்சரிக்கை அறிக்கையையும்விட அது இந்தியாவுக்கு அதிக மதிப்பைத் தேடித்தந்தது.

2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தாங்கிகளைச் சீரமைக்கும் காலஅட்டவணை வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். அம்மையத்துக்கான எண்ணெய்க் குழாய் எந்தக் கரையில் ஏறும், எந்த வயலைக் கடக்கும், மீனவர் வலைபோடும் இடங்களில் எவை மூடப்படும் என்பன வேலை தொடங்குமுன் மூதூரிலும் கிண்ணியாவிலும் திருகோணமலை நகரிலும் தமிழிலும் சிங்களத்திலும் வரைபடத்தோடு விளக்கப்பட வேண்டும். காணி எடுப்பதானால் உரியவர் ஒப்புதலும் இழப்பீடும் முதலில் வர வேண்டும்.