கம்பிக்கு வெளியே நிற்கும் வாப்பாமார்கள்

கந்தூரித் திடல்களிலும், பொருட்காட்சி மைதானங்களிலும், நகரங்களை அடுத்து எழுந்துள்ள கேளிக்கைப் பூங்காக்களிலும் இன்று ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒன்று இரும்புத் தொட்டிலில் தனியே அமர்த்தப்பட்டிருக்கும். வாப்பா கம்பி வேலிக்கு வெளியே கைப்பேசியை உயர்த்திப் பிடித்தவராய், "இங்கே பார், சிரி" என்று கூவிக்கொண்டிருப்பார். உம்மா செருப்புகளையும் தண்ணீர்ப் பாட்டிலையும் காத்து நிற்பார். ராட்டினம் வேகம் கொண்டதும் பிள்ளையின் முகம் வெளிறும். அந்த மாற்றத்தை வாப்பா கைப்பேசியின் சட்டத்துக்குள்தான் காண்கிறார். கண்டு சிரிக்கவும் செய்கிறார். இதனை நாம் கண்டிக்கிறோம். கண்டிக்கும் தகுதி நமக்கு முழுமையாக இல்லை என்பதையும் இக்கட்டுரையிலேயே ஒப்புக்கொள்ளப் போகிறோம்.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றிவிடுவோம். பிள்ளைகள் ராட்டினமே ஏறலாகாது என்று சொல்ல நாம் வரவில்லை. அவ்வாறு சொல்லும் பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு. விளையாட்டு அனைத்தையும் வீண் என ஒதுக்கிவிட்டால் பொறுப்பும் தீர்ந்தது என்பது அவர்களின் எண்ணம் போலும். ஸஜ்தாவிலிருந்த அண்ணலாரின் முதுகில் பேரர் ஏறிக்கொண்ட நிகழ்ச்சியை அவர்களும் ஓதியவர்களே. பிள்ளையின் ஆசை தீரும்வரை அந்த ஸஜ்தா நீண்டது என்று நஸாயீயின் தொகுப்பில் காண்கிறோம். சவாரி மறுக்கப்படவில்லை; சவாரி முடியும் மட்டும் பெரியவரின் உடல் பிள்ளைக்குக் கீழே அசையாதிருந்தது. ஆகவே நம் வழக்கு ராட்டினத்தோடு அன்று. வேலிக்கு வெளியே நிற்பவரோடு.

அவரைக் கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கிறார். "உயரம் அளந்து பார்த்துத்தானே உள்ளே விடுகிறார்கள்?" ஆம், அளக்கிறார்கள். வாயிலில் நட்டு வைத்திருக்கும் அந்தக் கோல் எதனை அளக்கிறது? பிள்ளையின் உடல் பிடிமானக் கம்பிக்கு அடங்குமா என்பதை மட்டுமே அளக்கிறது. நடுவழியில் அச்சம் மேலிட்டால் எழுந்து நிற்பானா, பெல்ட்டை அவிழ்க்க முயல்வானா, கீழே நிற்கும் உம்மாவை நோக்கிச் சாய்வானா என்பதை எந்தக் கோலும் அளந்ததில்லை.

இதனை அளக்க நம் முன்னோர் ஒரு முறை வைத்திருந்தனர். ‘தம்யீஸ்’, அதாவது பகுத்தறியும் பருவம் எது என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறும் இலக்கணம் மிக எளிமையானது. தானே உண்ண, தானே பருக, தானே சுத்தம் செய்துகொள்ள வல்ல பிள்ளையே ‘முமய்யிஸ்’. பெரும்பாலும் இது ஏழு வயதளவில் அமையும் என்றார்கள். ஆயினும் எண்ணைச் சட்டமாக்கவில்லை. பிள்ளையின் நிலையையே சட்டமாக்கினார்கள். அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தார் நடத்தும் பூங்காக்களிலும் ஏழு வயது நிரம்பாத பிள்ளை 14 வயதேனும் நிரம்பிய ஒருவர் துணையின்றிச் சவாரி ஏறலாகாது என்பது விதி. 14 வயதுக்குக் குறைந்தவர் பூங்காவுக்குள்ளேயே தனியே நுழையலாகாது என்று 2013-இல் மற்றொரு விதியும் செய்தனர். வழக்கு மன்றத்துக்கு அஞ்சி அவர்கள் வந்து சேர்ந்த எண் நம் கிதாபுகளில் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கிடக்கிறது. நாமோ அதனை மாணவர்க்கு ஓதிக் கொடுத்துவிட்டு, மாலையில் பேரப்பிள்ளையைக் கைப்பிடித்து ராட்டினத்தில் தனியே ஏற்றி அனுப்புகிறோம்.

"என் மகனுக்கு எட்டு வயது, தம்யீஸ் வந்துவிட்டது" என்பாரும் உளர். அவர்கள் அந்தப் பாடத்தின் அடுத்த வரியையும் பார்க்கவேண்டும். பெற்றோர் பிரிந்த வீட்டில், தம்யீஸ் வந்த பிள்ளை இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்றுதான் அங்கே சொல்லப்படுகிறது. இருவருமே தேவையில்லை என்று சொல்லப்படவில்லை. வீட்டுப் பாயில் அமர்ந்து சிந்தாமல் உண்ணத் தெரிந்த பிள்ளைக்கு, முப்பதடி உயரத்தில் தலைகுப்புறத் தொங்கும்போது என்ன செய்வதென்று தெரியும் என்பது எந்த நூலிலும் இல்லாத கியாஸ்.

அடுத்த விடை, "ஆள் இருக்கிறார், பெல்ட் இருக்கிறது" என்பது. 2021 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மலைக்குள் 110 அடி ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் சவாரி ஒன்றில், குடும்பத்தாருடன் விடுமுறைக்குச் சென்றிருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். ஆள் இருந்தார், ஒருவரல்ல, இருவர். பெல்ட்டும் இருந்தது. சிறுமி அதனை அணியாமல் அதன்மேல் அமர்ந்திருந்தாள் என்று மாநில அரசின் விசாரணை அறிந்தது. பிழை உள்ளது எனக் கருவி எச்சரித்தும், இயக்கியோர் அதன் பொருள் உணராமல், கருவியைப் பழைய நிலைக்குத் திருப்பிச் சவாரியை ஓட்டினர். உறவினர் உடனிருந்தும் நேர்ந்தது இது. அப்படியிருக்க, உடன் யாருமின்றிப் போகும் பிள்ளையின் பெல்ட்டை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோரை ஏற்றி இறக்கிக் கை ஓய்ந்த ஒருவர் மட்டுமே பார்த்தால் போதும் என்பது என்ன துணிவு!

இயந்திரமே முறியுமானால் உடன் அமர்ந்தவரும் ஒன்றும் செய்வதற்கில்லை, ஒப்புக்கொள்கிறோம். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் சவாரி முறிந்து இருவர் மாண்டனர். 2016 மே மாதம் சென்னையை அடுத்த கிஷ்கிந்தாவில் வெள்ளோட்டத்தின்போது ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். இவை உரிமம் வழங்குவோரும் சோதனையிடுவோரும் பதில் சொல்லவேண்டியவை. பெற்றோர்மேல் நாம் சுமத்தோம். ஆனால் இரும்பு முறிவது என்றோ ஒரு நாள். பிள்ளையின் மனம் முறிவதோ ஒவ்வொரு சவாரியிலும் நிகழக்கூடியது.

உடனிருத்தல் என்றால் என்னவென்றும் சிறிது சொல்லவேண்டும். அறியாமல் உடனிருப்பதும் தீங்காகும். இருவர் தொடைக்கும் பொதுவாக ஒரே கம்பி இறங்கும் இருக்கையில், அது பருத்தவரின் தொடையில் தட்டி நின்றுவிடும்; பக்கத்துப் பிள்ளைக்கோ இடைவெளி அகன்று கிடக்கும். ஆகவே தனித்தனிப் பிடிமானம் உள்ளதையே நாடவேண்டும். சுற்றிச் சுழற்றும் சவாரியில் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதால், பெரியவர் வெளியோரத்திலும் பிள்ளை உள்ளோரத்திலும் அமரவேண்டும். மாறி அமர்ந்தால் பெரியவரின் பாரம் பிள்ளையின் விலாவில் இறங்கும். சறுக்குமரத்தில் குழந்தையை மடியில் வைத்துச் சறுக்குவதும் நல்லதன்று. குழந்தையின் கால் ஓரத்தில் சிக்க, பெரியவரின் எடையும் சேர்ந்து தள்ள, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவதை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர். அங்கே குழந்தையைத் தாழ்ந்த சறுக்கில் தனியே விட்டு, பக்கத்தில் கைக்கெட்டும் தொலைவில் நிற்பதே உடனிருத்தல். மடியில் இருத்துவதா, அருகில் அமர்வதா, எட்டும் தொலைவில் நிற்பதா என்பதை அந்தந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்ய ஒரு பெரியவரின் அறிவு வேண்டும் என்பதே நம் வாதம். கைப்பேசியின் பின்னால் நின்றுகொண்டு அந்த அறிவைச் செலுத்த இயலாது.

இனி நம் கதை. சென்ற ஆண்டு நம் மக்தபின் பிள்ளைகள் 38 பேரை ஒரு பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். பெரியவர்கள் நால்வர். ஆறு வயதுத் தம்பியையும் ஒன்பது வயது ராத்தாவையும் டிராகன் ரயிலின் கடைசிப் பெட்டியில் அமர்த்திய கை நம்முடையது. "ராத்தா கையை விடாதே" என்று நாம்தான் சொன்னோம். பின்பு வெளியே வந்து பைகளுக்குக் காவல் நின்றோம். இரண்டாம் சுற்றில் காற்று பையனின் தொப்பியைத் தூக்கிற்று. அதனைப் பிடிக்க அவன் ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி எழுந்துவிட்டான். ராத்தா கம்பியை விட்டாள்; இரு கைகளாலும் அவன் ஜுப்பாவைப் பற்றினாள். நாம் கூவினோம். ஒலிபெருக்கியின் பாட்டில் அது யார் காதிலும் விழவில்லை. இயக்கும் இளைஞர் அடுத்த வரிசையின் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு முழுச் சுற்று ஓடியது. அந்தச் சுற்றின் நீளத்தை நாம் இன்றுவரை மறந்தோமில்லை. இறங்கியபோது பையனின் கீழுதடு கிழிந்திருந்தது. அவளுடைய விரல் நகம் ஒன்று பெயர்ந்திருந்தது.

மாலையில் அவர்களின் உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அஜ்ரத், நீங்க எங்கே இருந்தீங்க?"

"வெளியே இருந்தோம்மா" என்றோம். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அமானத்தின் சட்டத்தை நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஒப்படைக்கப்பட்ட பொருள் தானே அழிந்தால் காத்தவர்மேல் பொறுப்பில்லை. அவருடைய கவனக்குறைவால் அழிந்தால் ஈடு கட்டியே தீரவேண்டும். தோல் பைகளையும் சோற்றுப் பாத்திரங்களையும் அன்று நாம் ஒன்று குறையாமல் திருப்பிக் கொடுத்தோம். நாம் காத்தவை அவை.

"தைரியம் வரவேண்டாமா?" என்று இன்னும் கேட்பவருக்கு ஒன்று சொல்வோம். அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தைரியம் வந்தது உண்மை. ஆனால் அது அவள் சுமக்கவேண்டிய தைரியம் அன்று. நாம் இறக்கி வைத்த பாரம் அது. அதற்குப் பின் அவள் ஊஞ்சலில்கூடத் தம்பியை ஏறவிடுவதில்லை என்று கேள்விப்படுகிறோம். பெரியவர் அருகிலிருக்க அஞ்சி, அருகிலிருக்க அச்சம் தெளிந்து, ஒரு நாள் ‘நீங்கள் வேண்டாம்’ என்று பிள்ளை தானே சொல்லும்போது கையை விடுவதுதான் தைரியம் வளர்க்கும் வழி.

ஏற இயலாத பெற்றோரும் உண்டு. கருவுற்றிருக்கலாம், கழுத்து வலி இருக்கலாம், தலை சுற்றலாம். கைக்குழந்தையோடு நிற்கும் தாய் என்ன செய்வார்? வெளிநாட்டுப் பெரிய பூங்காக்களில் ஒருவர் குழந்தையோடு காத்திருக்க மற்றவர் ஏறிவந்து, பின்பு வரிசையில் மீண்டும் நிற்காமல் இடம் மாற்றிக்கொள்ள ஏற்பாடு உள்ளது. நம்மூரிலும் கேட்டால் கொடுக்கலாம், கேட்பார்தாம் இல்லை. எவரும் உடன் ஏற முடியாதென்றால் அந்தச் சவாரி அன்றைக்கு இல்லை, பஞ்சுமிட்டாய் இருக்கிறது.

இவ்வாண்டும் அதே உலாவுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், அப்பெரியவரும் டிக்கெட் எடுத்துப் பிள்ளைகளோடு ஏறவேண்டும் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தோம். பொருளாளர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "பெரியவர் டிக்கெட்டுக்குப் பணம் எங்கே?" என்று கேட்டார். பகல் சாப்பாட்டுக்குப் பிரியாணி என்று எழுதியிருந்த இடத்தைச் சுட்டி, தயிர்ச்சோறு போதும் என்றோம். அவர் இன்னும் ஒப்பவில்லை. முதல் பெயராக வந்து பதிந்துகொண்டவர் அந்த உம்மா.