கைமாறிய தபோல், மாறாத எரிபொருள் சிக்கல்

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டக் கடற்கரையில் உள்ள தபோல் மின் நிலையம், அமெரிக்க நிறுவனத்தில் தொடங்கி, பொதுத்துறையின் தேசிய அனல் மின் கழகத்திடம் வந்து சேர்ந்துள்ளது. ஒவ்வொரு முறையும் உரிமையாளர் மாறினாரே தவிர, எந்த எரிபொருளை எந்த விலைக்கு வாங்குவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

1992-இல் என்ரான் நிறுவனம் மாநில மின் வாரியத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. என்ரானுக்கு 80 சதவீதமும், ஜெனரல் எலெக்ட்ரிக், பெக்டெல் நிறுவனங்களுக்குத் தலா 10 சதவீதமும் பங்கு. இத்திட்டம் லாபகரமானதல்ல என்று கூறி உலக வங்கி 1993-இல் கடனளிக்க மறுத்தது. எனினும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மின் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மின்சாரத்தை வாங்காவிட்டாலும் வாரியம் நிலைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். விலையோ டாலர் மதிப்புடன் பிணைக்கப்பட்டது. இதற்கு மாநில அரசின் உத்தரவாதம். அதற்கும் மேல் மத்திய அரசின் எதிர் உத்தரவாதம். இழப்பு வந்தால் யார் தலையில் விழும் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

இதில் எந்தக் கட்சியும் கை கழுவ இயலாது. காங்கிரஸ் ஆட்சியில் கையெழுத்தான திட்டத்தை 1995-இல் ரத்து செய்த சிவசேனை-பாஜக அரசே, அடுத்த ஆண்டு மறுபேச்சு நடத்தி இரண்டாம் கட்டத்துக்கும் வழிவிட்டது. தில்லியில் 13 நாள்களே நீடித்த வாஜ்பாய் அரசு, திருத்திய திட்டத்துக்கு எதிர் உத்தரவாதத்தை உறுதிசெய்தது.

1999 மே மாதம் 740 மெகாவாட் உற்பத்தி தொடங்கியது. இறக்குமதி எரிவாயுவுக்கான முனையம் தயாராகாததால் நாப்தாவே எரிக்கப்பட்டது. கச்சா எண்ணெய் விலை ஏற, ரூபாய் மதிப்பு சரிய, 2000-இல் சில மாதங்களில் யூனிட் விலை 7 ரூபாயைத் தாண்டியது. பாக்கி குவிந்து, 2001 மே மாதம் வாரியம் ஒப்பந்தத்தை முறித்தது, நிலையம் மூடப்பட்டது. டிசம்பரில் என்ரானே திவாலானது.

கடன் கொடுத்த இந்திய வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சிக்கிக்கொண்டன. அவற்றை மீட்கவே 2005-இல் தேசிய அனல் மின் கழகமும் கெயிலும் இணைந்து ரத்னகிரி கேஸ் அண்ட் பவர் நிறுவனத்தை உருவாக்கின. 2006-இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகை எரிவாயு கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் நீடிக்கவில்லை. அதன் உற்பத்தி சரிந்ததும் நிலையம் மறுபடியும் முடங்கியது. 2015-இல் ரயில்வேக்கு மின்சாரம் விற்கும் ஏற்பாட்டால்தான் உயிர் வந்தது. அலைத்தடுப்புச் சுவர் முடியாததால் எரிவாயு முனையத்துக்குப் பல ஆண்டுகள் பருவமழைக் காலத்தில் கப்பல் வர இயலவில்லை.

2018-இல் முனையம் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் கடன் கொடுத்தோரின் பங்குகளையும் வாங்கிய தேசிய அனல் மின் கழகம், மின் நிலையத்தைத் தன் துணை நிறுவனமாக்கிக்கொண்டது. முனையம் கெயிலின் பக்கம் சென்றது.