அடுப்படிக்குள் புகுந்த வரி!

வீட்டிலேயே சிறிய அளவில் பீர் தயாரிப்பது, பொழுது போகாத சீமான்களின் விளையாட்டு என்று எண்ணுவோர் உளர். பிரிட்டனின் வரலாறு வேறு கதை சொல்கிறது. அங்கே அது உழைப்பாளியின் அடுப்படி வேலை. வரி போட்டே அதை அவன் கையிலிருந்து பறித்தார்கள் என்கிறோம் நாம்!

18ஆம் நூற்றாண்டில் அங்கே பீர் மீது வரி இருந்தது. யாருக்கு? கடையில் வாங்கிக் குடிப்பவனுக்கு! பெரிய அண்டாவும் தனிக் கொட்டகையும் வைத்து மாளிகையிலேயே தயாரித்துக்கொண்ட பிரபுவுக்கு அந்த வரி இல்லை. கூலிப் பணத்தில் குவளை குவளையாக வாங்கியவன் கட்டினான். வசதி படைத்தவன் தப்பினான். இந்த அநீதியைச் சுட்டிக்காட்டியவர் கலகக்காரர் அல்லர். 1776இல் 'நாடுகளின் செல்வம்' எழுதிய ஆடம் ஸ்மித்தேதான்!

சரி, ஏழையும் வீட்டில் தயாரித்துக்கொள்ளலாமே என்பீர்கள். முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமையாகிய மால்ட்டுக்கு 1697 முதலே வரி! படைவீரர்களைச் சாட்டையால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810இல் சிறை புகுந்த ஏட்டாளர் வில்லியம் காபெட், 1821இல் குடிசைவாசிகளுக்கென ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். முதலில் அவர் எடுத்துக்கொண்டது பீர் தயாரிப்பைத்தான். முன்பு உழைப்பாளர் வீடுதோறும் நடந்த வேலை, வரியால் அற்றுப்போயிற்று என்று குமுறினார் அவர்.

1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கினார். ஆனால் வீட்டில் தயாரிப்பவரும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்றார்! அந்தச் சீட்டு ஒழிந்தது 1963இல். விற்கக்கூடாது, அவ்வளவே நிபந்தனை. ஒழித்த நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங், கன்சர்வேடிவ் கட்சிக்காரர். அதனாலென்ன? நல்லதை நல்லது என்போம்.

அமெரிக்காவிலோ, 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு வழி பிறந்தது; வீட்டு பீருக்குப் பிறக்கவில்லை. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகே கதவு திறந்தது.

தொடங்குவதற்குப் பெரிய முதல் வேண்டியதில்லை. நாலு லிட்டருக்கு அரைக் கிலோ மால்ட் சாற்றுப் பொடி, கசப்புக்குப் பத்து கிராம் ஹாப்ஸ் பூ, ஐந்து கிராம் பீர் ஈஸ்ட். பொடியையும் பூவையும் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, சுண்டிய அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, 20 டிகிரிக்கு விரைவாக ஆற்றி, ஈஸ்ட்டைத் தூவி, இரண்டு வாரம் நொதிக்க விடவேண்டும். கலத்தை இறுக மூடினால் உள்ளே பிறக்கும் வாயு மூடியைத் தூக்கி எறியும். மூடியில் ஒரு குழாய் செருகி அதன் மறுமுனையைத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டால் வாயு வெளியேறும், காற்று உட்புகாது. பிறகு லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை கலந்து, கனத்த பீர் புட்டிகளில் அடைத்து, இன்னும் இரண்டு வாரம் வைக்கவேண்டும். நொதித்து முடியுமுன் அடைத்தால் புட்டி வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணைப் பறித்துவிடும்! ஆற்றிய பின் தொடும் கரண்டி, குழாய், புட்டி எல்லாம் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். புளித்துக் கெடும் பீரில் பெரும்பகுதி அழுக்கினால் கெடுவதே.

நம்மூரில் 'காய்ச்சுவது' என்றதும் சாராய ஊறலும் ஆவி பிடிக்கும் பானையும்தான் நினைவுக்கு வரும். பீரில் அந்த வேலையே இல்லை. கொதிப்பது நொதிக்கும் முன்னர்தான்.

ஆனாலும் தமிழ்நாட்டுத் தோழர்கள் பாத்திரம் தேடவேண்டாம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, அனுமதியின்றி மது தயாரிப்பது இங்கே குற்றம். கடை வைத்து விற்பதை மட்டும் 2003இல் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது!