சிறிய பெட்டி, இனிய நாதம்

"மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்பது நம் முன்னோர் வாக்கு. கிதாருக்கு வைக்கும் ஒலிபெருக்கிக்கும் இது பொருந்தும் என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

கடந்த ஆண்டு ஒரு விழாவில் எங்களுள் ஒருத்தி பாட, மற்றொருத்தி கிதார் வாசித்தாள். கிதாரை ஆளுயரப் பெட்டிகளுடன் இணைத்திருந்தார்கள். அந்த இரைச்சலில் பாட்டின் ஒரு சொல்லும் கேட்கவில்லை. முன்வரிசைச் சிறுமியர் காதைப் பொத்திக்கொண்டனர். பாடியவளோ, "என் குரல் மேடைக்கு ஆகாது" என்று பாடுவதையே விட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சிறுமலைக்குச் சென்றோம். வாழைத் தோட்டத்தின் நடுவே ஒரு வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் கூடியிருந்தோம். பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் எங்கள் தோழியின் தாய்மாமா, 5 வாட் வால்வு ஆம்பிளிபையர் ஒன்றைக் கொண்டுவந்தார். தாத்தா காலத்து வால்வு ரேடியோவைப் போல, சற்றுச் சூடேறிய பிறகே அது வாய் திறந்தது. கிதார் மட்டும் அதில் மெல்ல ஒலிக்க, நாங்கள் வற்புறுத்தியதால் அவள் மைக் இன்றியே பாடினாள். கடைசியில் அமர்ந்திருந்த பாட்டி, "ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன், கண்ணு" என்றார். அவள் கண்கள் கலங்கின, எங்கள் கண்களுந்தான்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்த பின், காலப்போக்கில் ரேடியோக்களிலிருந்து வால்வு மறைந்தது. ஆனால் கிதார் கலைஞர் பலர் அதை விடவில்லை. ஏனெனில், தாங்கும் அளவை மீறும்போது வால்வு ஒலியலையின் உச்சியை வெட்டுவதில்லை, மழுக்குகிறது. மெல்ல மீட்டினால் தெளிவு. அழுத்தி மீட்டினால் இனிய கரகரப்பு. பெரிய பெட்டியில் இந்தக் கரகரப்பைப் பெற, காது செவிடாகும்படி வாசிக்க வேண்டும். சிறிய பெட்டியில் ஓர் அறைக்குள்ளேயே பெற்றுவிடலாம். அதன் முன் ஒரு மைக்கை வைத்தால் ஒலிப்பதிவும் ஆயிற்று. எரிக் கிளாப்டன் 1970இல் 'லைலா' இசைத்தொகுப்பைப் பதிவு செய்தபோது, ஃபெண்டர் சாம்ப் என்னும் சிறிய வால்வு ஆம்பிளிபையரைத்தான் பயன்படுத்தினார்.

வாட் கூடினால் ஒலி அதே அளவு கூடும் என்பதும் தவறு. 50 வாட் பெட்டி, 5 வாட் பெட்டியைவிட நம் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்குதான் உரக்கக் கேட்கும்!

மின்சாரமே இசைக்குப் பகை என்று நாங்கள் சொல்லவில்லை. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கர்நாடக இசையின் கமகங்களைக் குழைத்துத் தந்து, 1981இல் சிறுவனாகவே சென்னை ரசிகர்களை வியக்கவைத்தவர் அல்லவா? திறந்தவெளித் திருவிழாவுக்குப் பெரிய பெட்டிகள் வேண்டியவையே. வால்வு சூடாகும், உடையும், தேயும் என்பதும் உண்மை. உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும். ஆகவே, பெட்டியைத் திறப்பது தெரிந்தவர் வேலை.

எனினும், நாற்பது பேர் கூடும் வகுப்பறைக்கும் சிற்றாலயத்துக்கும் சிறிய பெட்டியே போதும். அருட்சகோதரியரும் பெற்றோரும் இதைச் சிந்திக்க வேண்டுகிறோம். உரத்த ஒலி நம்மைக் கேட்க வைக்கும். மெல்லிய ஒலியோ நம்மை அருகில் அழைக்கும். தோழியரே, கருவியின் ஒலியைக் குறைத்து, பாடுபவளின் குரலுக்கு இடம் தருவோமாக!