சூரியன் சராசரி நட்சத்திரமா?

பேச்சுப் போட்டியில் நிற்கும் பிள்ளை முதல் யூடியூபில் வானியல் சொல்பவர் வரை பலரும் மனப்பாடமாக ஒப்பிக்கும் வாசகம் ஒன்று உண்டு: சூரியன் ஒரு சராசரி நட்சத்திரம், ஒரு மஞ்சள் குள்ளன். இதில் நட்சத்திரம் என்பது மட்டும்தான் தகராறு இல்லாத சொல். வானியலாளர்கள் சூரியனுக்குத் தரும் முகவரி ஜி2, பக்கத்தில் ரோமன் எண்ணில் ஐந்து. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்பது சூடு இறங்கிக்கொண்டே போகும் வரிசை. ஓ வகை 30,000 டிகிரிக்கும் மேல் கொதிக்கும். எம் வகை 4,000-ஐத் தொடாது. சூரியனின் மேற்பரப்பு 5,772 கெல்வின். ஜி வகைக்குள்ளும் பத்துப் படிகள். அதில் சூடான பக்கத்தில் இரண்டு. ஐந்து என்பது, மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கிக்கொண்டிருக்கும் பருவத்தைக் குறிக்கிறது. நிறமாலையில் தெரியும் கறுப்புக் கோடுகளை வைத்துத்தான் இந்த எழுத்துகளைக் கொடுத்தார்கள். அந்தக் கோடுகள் ஏன் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் மாறுகின்றன என்பதற்கு 1920-இல் கணக்கோடு விடை சொன்னவர் மேகநாத் சாஹா. சூரியனில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான். ஆனால் அதன் சூட்டில் கால்சியத்தின் கோடுகளே தடித்துத் தெரியும். நுங்கம்பாக்கத்து வானாய்வுப் பணி 1899-இல் கொடைக்கானலுக்குப் போன பிறகு, அங்கே நூறாண்டுக் காலம் சூரியனைப் படமெடுத்தது அந்தக் கால்சிய ஊதா ஒளியிலும்தான்.

இந்த முகவரியில் 'சராசரி' என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தச் சொல்லைச் சோதிக்கத் தாம்பரத்து மொட்டை மாடி போதும். மே முடிந்து ஜூன் பிறக்கும் நாட்களில், இரவு பத்து மணி வாக்கில், வண்டலூர்ப் பக்கம் நேர் தெற்கே பார்த்தால், நீட்டிய கையில் ஒன்றரை முஷ்டி உயரத்தில் இரண்டு நட்சத்திரங்கள் அருகருகே தெரியும். ஜிஎஸ்டி சாலையின் விளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரியும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, 4.4 ஒளியாண்டு. அது ஒன்றல்ல, இரண்டு என்று 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து தொலைநோக்கி வழியே கண்டவர் ழான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார். அந்த இரண்டில் பெரியது சூரியனைப் போலவே ஜி2, ரோமன் ஐந்து. சிறியது கே வகை. மூன்றாவதாக ஓர் எம் வகையும் அந்தக் குடும்பத்தில் உண்டு: ப்ராக்ஸிமா, எடையில் சூரியனின் எட்டில் ஒரு பங்கு. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் அதுதான். ஆனாலும் வெறுங்கண்ணுக்கு எட்டாது, 1915 வரை யார் கண்ணிலும் படவில்லை. வலப்பக்கத்து பீட்டா சென்டாரியோ பி வகை. 390 ஒளியாண்டு வாக்கில் இருந்துகொண்டு ஆல்ஃபாவோடு போட்டி போடுகிறது. நட்சத்திரங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி ப்ராக்ஸிமா போன்ற செங்குள்ளர்கள். அவற்றில் ஒன்றைக்கூடச் சாதாரணக் கண் பார்த்ததில்லை. கண்ணில் படுபவை பெரும்பாலும் பண்ணையார்கள். அந்தக் கூட்டத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் சூரியன் எளியவராகத் தோன்றுகிறார். முழுக் கணக்கும் எடுத்தால் பத்தில் ஒன்பது நட்சத்திரங்களைவிடச் சூரியனே கனமானவர்.

"வரிசையில் ஜி நடுவில்தானே இருக்கிறது, பிறகு சராசரி என்றால் என்ன தப்பு?" என்று கேட்கலாம். சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு வரை மின்சார ரயிலின் தூரம் சுமார் அறுபது கிலோமீட்டர். தாம்பரம் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கிறது. அதற்காகத் தாம்பரத்தைச் சராசரி ஸ்டேஷன் என்று யாராவது சொல்வார்களா? தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்கள் புறப்படும் இடம் அது. சராசரி பார்க்க வேண்டுமானால் அதே பாதையின் சின்ன ஸ்டேஷனான பரனூரில் இறங்க வேண்டும். பாதையில் பாதி வேறு, கூட்டத்தில் பாதி வேறு.

மஞ்சளுக்கு வருவோம். பகல் பன்னிரண்டு மணிக்கு வேப்பமரத்தடியில் விழும் வட்ட வட்ட வெளிச்சப் பொட்டுகள் நிழலின் ஓட்டைகள் அல்ல. இலைச் சந்து ஒவ்வொன்றும் தரையில் வரையும் சூரியனின் படம். வெள்ளைத் தாளை நீட்டிப் பிடித்தால் அந்தப் பொட்டு வெள்ளையாகத்தான் இருக்கும். கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும், அதை நம்ப முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் காற்றுக்கு வெளியே, விண்வெளியில் நின்று அளந்தாலும் ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறமும் தாராளமாக இருக்கிறது, கூட்டினால் வெள்ளை. மாலை மஞ்சள் நம் காற்று பூசியது. வேகா என்ற நீல வெள்ளை நட்சத்திரத்தை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் சூரியன் ஒரு சாயல் மஞ்சள்தான். பெயர் வந்த வழி அது. குள்ளன் என்பதும் அப்படியே: ராட்சத நட்சத்திரங்களிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த தொழில் பெயர். வானியலாளர் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். பூமியை 109 வரிசையாக அடுக்கினால்தான் கடக்க முடிகிற குறுக்களவு கொண்டதை, விளக்கம் இல்லாமல் குள்ளன் என்று பிள்ளைகளிடம் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

சூரியனைச் சராசரி என்பது மனிதனின் கர்வத்துக்கு மருந்து, அதை ஏன் பிடுங்க வேண்டும் என்றும் கேட்பார்கள். அடக்கம் நல்லதுதான், அளவுக்குப் பதிலாக அதை வைக்க முடியாது. சராசரி இல்லை என்றால் ஒப்பற்றது என்றும் ஆகிவிடாது. ஜி வகை மட்டுமே நம் பால்வெளியில் பல நூறு கோடி. அதோடு 'சராசரி' என்ற ஒரே சொல், கேட்க வேண்டிய கேள்வியையும் மூடிவிடுகிறது. சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. அதில் 460 கோடி கழிந்துவிட்டது. ப்ராக்ஸிமா போன்றவை லட்சம் கோடி ஆண்டுகளைத் தாண்டியும் எரியும். எண்ணிக்கையிலும் ஆயுளிலும் அவற்றுக்கே பெரும்பான்மை இருக்க, நாம் ஏன் சிறுபான்மையான ஜி வகையின் வாசலில் பிறந்தோம்?